பழைய காமெடிய மறுஒளிபரப்பு பண்ணுற தமிழ் சேனல்களுக்கு டெல்டாவுலேருந்து ஒரு திறந்த மடல்

பழைய காமெடி நிகழ்ச்சிகளையும் நாடகங்களையும் தூசி தட்டி மறுபடி மறுபடி ஒளிபரப்புற தமிழ் சேனல்களோட நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள்ல ஒரு சேனலுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ஒரு புகார் எழுதிருந்தேன். சாயங்காலம் பசங்க ஸ்கூல் விட்டு வந்து டிவி முன்னாடி உக்கார்ற நேரத்துல நீங்க போடுற பழைய காமெடித் தொகுப்புல, கால் தாங்கித் தாங்கி நடக்குறவர நடக்க விட்டு சிரிக்கிறாங்க, திக்கிப் பேசுறவர பேச விட்டு சிரிக்கிறாங்க, கறுப்பா இருக்குற பொண்ணப் பாத்து மாப்பிள்ளை ஓடுறான்னு சிரிக்கிறாங்க, இத அந்த நேரத்துல போடாதீங்கன்னு கேட்டிருந்தேன். பதில் வந்துச்சு. அது அந்தக் காலத்து நிகழ்ச்சியாம், அன்னிக்கு எல்லாரும் ரசிச்சதாம், ரசிகர்கள் விரும்பிக் கேக்குறதால அப்படியே மாத்தாம ஒளிபரப்புறீங்களாம். சரின்னு மேல என்ன பண்ணலாம்னு யோசிச்சுகிட்டு இருக்கும்போதே அதே சேனல்ல புரொமோ ஓடுது, ஸ்கூல் லீவ முன்னிட்டு நாள் முழுக்க அதே தொகுப்பு, காலையிலேருந்து ராத்திரி வரைக்கும், குழந்தைகளோட கண்டு களியுங்கள்னு. அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல, அதான் இந்தக் கடிதம். அந்த சேனல் பேர இங்க போடல, ஏன்னா ரிமோட்ட ஒரு நம்பர் தள்ளி அமுக்குனா அடுத்த சேனல்லயும் இதேதான் ஓடுது. அதனால இது உங்க எல்லாருக்குமே.

நான் நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கேன். 2021ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா சேந்தவ. சாயங்காலம் எங்க தெருப் பசங்க, பக்கத்துத் தெருப் பசங்க எல்லாம் எங்க வீட்டுத் திண்ணையிலயும் வாசல்லயும் உக்காந்து படிப்பாங்க, இப்பவும் வந்துகிட்டு இருக்காங்க. பெரும்பாலும் நடவுக்கும் களையெடுக்கவும் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க. அம்மா அப்பா வயக்காட்டுலேருந்து வர்ற வரைக்கும் வீட்ல இந்தப் பிள்ளைங்களுக்குத் துணை டிவிதான். ஐப்பசி கார்த்திகையில அடைமழை புடிச்சுதுன்னா கேக்கவே வேணாம், வெளிய விளையாட எடமிருக்காது, ஸ்கூல் லீவு விட்டுருவாங்க, கரண்ட் இருக்குற நேரம் பூரா டிவி ஓடும். நீங்க அங்க சென்னையில ஒரு அட்டவணையில ஒரு மணி நேரத்த நிரப்புறதுக்கு எதையாவது எடுத்துப் போடுறீங்க, அது இங்க வந்து என்னவா ஆவுதுன்னு நான் திண்ணையில உக்காந்து பாக்குறேன்.

ஒரு பையன் இருக்கான், பேர் வேணாம். படிப்புல நல்ல சூட்டிகை. கணக்க மனசுலயே போட்டு விடைய சொல்லுவான். பேசும்போது மட்டும் கொஞ்சம் திக்கும், முதல் எழுத்துல நின்னுட்டு அப்புறம் சரளமா வந்துரும். முதல்ல எல்லாம் கை தூக்கி முன்னாடி வந்து சத்தமா பாடம் படிப்பான், திக்குனாலும் நிறுத்த மாட்டான், மத்த பசங்களும் பழகிட்டாங்க, காத்திருந்து கேப்பாங்க. அப்புறம்தான் உங்க தொகுப்புல அந்த திக்குவாய்க் காட்சி வர ஆரம்பிச்சுது. ஒரே காட்சி, தினமும் வருது, சில நாள் ரெண்டு தடவ வருது. அதுல வர்ற ஆளுக்கு ஒரு பட்டப்பேர் இருக்கு, அந்தப் பேர் இப்ப இந்தப் பையன் பேராயிடுச்சு. அவன் வாயத் தொறந்தாலே நாலு பேர் அந்த வசனத்த அதே மாதிரி திக்கித் திக்கி சொல்லிட்டு உருளுறானுங்க. நான் அதட்டுனா அந்த நேரம் அடங்குறானுங்க, தெருமுனைக்குப் போனதும் திரும்ப ஆரம்பிச்சுடுறானுங்க. இப்ப அவன் கை தூக்குறதில்ல. என்கிட்ட வந்து மெதுவா, அக்கா நான் எழுதிக் காட்டுறேன், என்னப் படிக்கச் சொல்லாதீங்கன்னு கேக்குறான். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிகிட்டுப் போகணும்னா தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோதான் போகணும், ஒரு நாள் கூலிய விட்டுட்டு யாரு கூட்டிகிட்டுப் போறது. இருந்த ஒரே பயிற்சி, கூச்சமில்லாம நாலு பேர் முன்னாடி வாய் விட்டுப் படிக்கிறது. அதையும் நிறுத்திட்டான்.

இன்னொரு பிள்ளை நரிக்குறவர் வீட்டுப் பொண்ணு. அவங்க அம்மா அப்பா பஸ் ஸ்டாண்டுலயும் கோயில் வாசல்லயும் பாசிமணி ஊசிமணி விக்கிறவங்க. அந்தக் குடும்பத்துலேருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போற முதல் தலைமுறை இதுதான். உங்க பழைய காமெடியில குறவர் வேஷம் போட்டுகிட்டு ஒருத்தர் வந்து அவங்க பேச்ச இழுத்து இழுத்துப் பேசுவாரு, காக்காய சுடுறது, அழுக்கா இருக்குறது, குளிக்காததுன்னு எல்லாத்துக்கும் சிரிப்பு சத்தம் வரும். நரிக்குறவர்களையும் குருவிக்காரர்களையும் பழங்குடியினர் பட்டியல்ல சேக்குறதுக்கு 2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல சட்டம் நிறைவேறுச்சு. எத்தன வருஷம் போராடுனாங்க அதுக்கு. பட்டியல்ல சேத்து, சான்றிதழ் வாங்கி, பிள்ளைய பள்ளிக்கூடத்துல சேத்து, பக்கத்துல உக்காந்த பிள்ளை உங்க நிகழ்ச்சியில பாத்த குரல்ல சாமி சாமின்னு கூப்புட்டா அந்தப் பொண்ணு எப்புடி நாளைக்கு வரும்? வாரத்துல பாதி நாள் வர்றதில்ல. கேட்டா வயித்து வலிங்குது.

பெரியவங்க கதையும் சொல்றேன், இது குழந்தைங்க பிரச்சன மட்டும்னு நெனச்சுராதீங்க. என் சித்தப்பாவுக்கு சின்ன வயசுலயே போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போச்சு. 2014ல இந்தியாவுல போலியோ இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்துடுச்சு, ஆனா அதுக்கு முன்னாடி வந்தவங்க இன்னும் நம்ம கூடத்தான் நடமாடிகிட்டு இருக்காங்க. அவரு சைக்கிள் கடை வச்சிருக்காரு. தெனம் காலையில எதுத்தாப்புல டீக்கடையில டீ குடிப்பாரு, அந்தக் கடை டிவியில எப்பவும் காமெடி சேனல்தான். கால் தாங்கி நடக்குறவர ஒருத்தன் பின்னாலயே அதே மாதிரி நடந்து காட்டுற காட்சி வந்தா கடையில இருக்குற எல்லாரும் டிவியப் பாத்து சிரிச்சுட்டு அடுத்த நொடி அவர திரும்பிப் பாப்பாங்க. கெட்ட எண்ணத்துல பாக்குறதில்ல, தன்னால கண்ணு போகும். அவரும் பதிலுக்கு சிரிப்பாரு, அந்த சிரிப்ப நான் பாத்திருக்கேன், எனக்கு அத எழுதத் தெரியல. இப்ப அவரு டீய கடைக்கே வாங்கி வரச் சொல்லிக் குடிக்கிறாரு. யாராவது கேட்டா வேலை அதிகம்னு சொல்றாரு.

இதெல்லாத்த விட என்ன ரொம்ப உலுக்குனது பசங்க விளையாட்டு. அறுப்பு முடிஞ்ச களத்துல பசங்க அப்பா அம்மா விளையாட்டு விளையாடுறாங்க. எல்லா ஊர்லயும் எல்லாக் காலத்துலயும் விளையாடுறதுதான். அப்பாவா இருக்குற பையன் வர்றான், சோறு எங்கடின்னு கேக்குறான், அம்மாவா இருக்குற பொண்ணு ஏதோ பதில் சொல்லுது, பளார்னு ஒரு அறை. அறைஞ்ச உடனே சுத்தி நிக்கிற பசங்க எல்லாம் சேந்து வாயாலயே அந்த சிரிப்பு சத்தத்தப் போட்டானுங்க, நீங்க பின்னணியில போடுவீங்களே, கூட்டமா சிரிக்கிற அந்தப் பதிவு, அதே ஏத்த இறக்கத்தோட. அடி வாங்குன பொண்ணும் சிரிச்சுது, ஏன்னா டிவியிலயும் அடி வாங்குறவங்க முழிச்சுகிட்டு நிப்பாங்க, அழ மாட்டாங்க. அந்தப் பிள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேர் வீட்ல ராத்திரி நெசமாவே அடி விழுது, எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அங்க அவங்க அம்மா அழுவுறாங்க, இங்க டிவியில அதே அடிக்கு ஊரே சிரிக்கிது. குடும்ப வன்முறைக்கு எதிரா 2005லயே சட்டம் வந்துருச்சு. அடிக்கிறது குத்தம்னு சட்டம் சொல்லுது, உங்க சிரிப்பு சத்தம் அது வேடிக்கைன்னு சொல்லுது, பிள்ளைங்க எத முதல்ல கத்துக்குதுன்னு களத்துல பாத்துட்டேன்.

இப்ப நீங்க அனுப்புன பதிலுக்கு வர்றேன். அன்னிக்கு எல்லாரும் ரசிச்சாங்கன்னு எழுதிருக்கீங்க. யாருங்க அந்த எல்லாரும்?

எங்க அம்மா சொன்னத அப்படியே சொல்றேன். எங்க ஊருக்கு டிவி வந்தப்ப ரெண்டு மூணு வீட்லதான் இருந்துச்சு, பெரிய வீட்டுக்காரங்க. எங்க தெரு ஆளுங்க அந்த வீட்டுக்குள்ள போக முடியாது. ஜன்னலுக்கு வெளிய, கம்பியப் புடிச்சுகிட்டு நின்னு பாக்கணும், மழை பேஞ்சா சாக்கத் தலையில போட்டுகிட்டு நிப்பாங்களாம். உள்ள உக்காந்திருக்குறவங்க சிரிச்சா வெளிய நிக்கிறவங்களும் சிரிக்கணும். அதுல வர்ற வேலைக்காரன் அறை வாங்குறான், துணி வெளுக்குறவர நக்கல் பண்றாங்க, முடி வெட்டுறவர நக்கல் பண்றாங்க, சேரிப் பேச்சுன்னு ஒண்ண வச்சு நக்கல் பண்றாங்க. வெளிய நிக்கிறது யாரு? அதே வேலையச் செய்யுறவங்கதான். ஒங்களுக்குக் கோவம் வரலியாம்மான்னு கேட்டேன். வந்து என்னடி பண்றது, அடுத்தவங்க வீட்டு டிவி, மூஞ்சியத் தூக்குனா நாளைக்கு ஜன்னல சாத்திருவாங்கன்னு சொன்னாங்க. கீழவெண்மணியில 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர ஒரே குடிசையில வச்சுக் கொளுத்துன மண்ணு இது, கூலி நெல்லு கொஞ்சம் கூடக் கேட்டதுக்கு. அந்த நெனப்பு இருக்குற ஊர்ல ஜன்னலுக்கு வெளிய நின்னவங்க சிரிச்சத நீங்க ரசிச்சாங்கன்னு கணக்கு எழுதிக்கிட்டீங்க. அவங்ககிட்ட அப்ப யாரும் கேக்கல, கேட்டாலும் சொல்லிருக்க முடியாது.

2006க்கு அப்புறம் இலவச கலர் டிவி எங்க தெருவுக்கும் வந்துச்சு. 2011ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு குடுத்தாங்க. அன்னிலேருந்துதான் எங்க ஆளுங்க சொந்த வீட்ல, சொந்தத் தரையில உக்காந்து, சொந்த ரிமோட்ட கையில வச்சுகிட்டு டிவி பாக்குறாங்க. இது பிடிக்கலன்னு சொல்ற உரிமையும் அப்பதான் வந்துச்சு. இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தி அதச் சொன்னா, அந்தக் காலத்துல யாரும் சொல்லலியேன்னு பதில் எழுதுறது நியாயமா?

ரெண்டாவது, அப்படியே மாத்தாம போடுறோம்னு சொல்றீங்க. இது உண்மை இல்ல. ஒரு நாளும் நீங்க அப்படியே போட்டதில்ல. விளம்பரத்துக்காக வெட்டுறீங்க. நேரம் பத்தலன்னா வெட்டுறீங்க. கெட்ட வார்த்தை வந்தா சத்தத்த அமுக்குறீங்க. சிகரெட் புடிக்கிற காட்சி வந்தா கீழ புகை பிடித்தல் உடல்நலத்துக்குத் தீங்குன்னு எழுத்துப் போடுறீங்க, எவ்வளவு பழைய படமா இருந்தாலும் போடுறீங்க, ஏன்னா புகையிலை விதிமுறை பழசுக்கும் சேத்துதான் இருக்கு. அப்ப யாராவது கலை கெட்டுப் போச்சு, அந்தக் காலத்து சிகரெட்ட இந்தக் காலத்து கண்ணால பாக்காதீங்கன்னு சொன்னாங்களா? எல்லாரும் பழகிட்டோம், படமும் நல்லாத்தான் ஓடுது. ஒரு சுருள் புகைக்கு ஒரு வரி எழுத முடியுது, ஒரு மனுஷன் நடையக் கேலி பண்றதுக்கு ஒரு வரி எழுத முடியாதா?

வெட்டுறதப் பத்தி இன்னொண்ணு சொல்லணும், இது முக்கியம்னு நெனக்கிறேன். பழைய நிகழ்ச்சிகள் எல்லாமே மோசம்னு நான் சொல்லல. பலதுல கேலி பண்றவன் கடைசியில மூக்கறுபடுவான், திமிரு புடிச்ச முதலாளி சாணியில விழுவான், பொண்டாட்டிய மட்டம் தட்டுற புருஷன் எபிசோட் முடியுறதுக்குள்ள அவங்ககிட்டயே கெஞ்சி நிப்பான். எழுதுனவங்க அப்படி யோசிச்சுதான் எழுதிருக்காங்க. நீங்க என்ன பண்றீங்க, அர மணி நேர நாடகத்துலேருந்து ரெண்டு நிமிஷத்த உருவுறீங்க, அதுலயும் அடி விழுற எடம், பட்டப்பேர் வைக்கிற எடம், அது மட்டும். அவன் மூக்கறுபடுற எடம் தொகுப்புல வர்றதே இல்ல. சுளைய வீசிட்டு தோலத் திங்கக் குடுத்த மாதிரி. அப்புறம் அதையே உங்க சேனல் முத்திரையோட யூடியூப்ல அம்பது செகண்டா நறுக்கிப் போடுறீங்க, அது வாட்ஸப் ஸ்டேட்டஸ் ஆவுது, தனியார் பஸ்ல டிரைவர் தலைக்கு மேல இருக்குற டிவியில ஓடுது, கும்பகோணத்துலேருந்து மன்னார்குடி போற வரைக்கும் காலேஜ் பொண்ணுங்க அதக் கேட்டுகிட்டே போவணும், பொண்ணு பின்னால சுத்துறது, சரின்னு சொல்ற வரைக்கும் வழி மறிக்கிறது, அதுக்கும் சிரிப்பு. நாங்க நிறுத்துனாலும் இணையத்துல இருக்கத்தான் போவுதுன்னு நீங்க சொல்லலாம். இணையத்துல இருக்குறதுல பாதி உங்க முத்திரையோடதான் இருக்கு.

பழசையெல்லாம் அழிச்சுருங்கன்னு நான் கேக்கவே இல்ல. எங்க அப்பாவுக்கு அந்த நாடகங்கள் மேல அவ்வளவு பிரியம். நெல்ல கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு மூட்டைக்குக் காவலா ராத்திரி பூரா படுத்துக் கெடந்துட்டு வந்து, குளிச்சுட்டு அத ஒரு தடவ பாத்தாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்த சந்தோஷத்த அவர்கிட்டேருந்து புடுங்கணும்னு எனக்கு ஆசை இல்ல. அதுல நடிச்சவங்க பலபேரு பெரிய திறமைசாலிங்க, குள்ளமா இருக்காங்க, குண்டா இருக்காங்க, கறுப்பா இருக்காங்கன்னு அவங்களுக்கு அந்த வேஷம்தான் குடுத்தாங்க, அதுக்குள்ளயும் கண்ண அசைச்சு, ஒரு வார்த்தைய நிறுத்திப் பேசி உயிர் குடுத்திருக்காங்க. அவங்க உழைப்பு பத்திரமா இருக்கணும். நாளைக்குப் படிக்கிற பிள்ளைங்க, தமிழ்நாடு ஒரு காலத்துல எதுக்கெல்லாம் சிரிச்சுதுன்னு பாத்துத் தெரிஞ்சுக்கவும் அது இருக்கணும்.

ஆனா பத்திரமா வச்சிருக்குறது வேற, சாயங்காலம் ஆறு மணிக்கு பத்து வயசுப் பையன் முன்னாடி ஓட விடுறது வேற. மத்த ஊர்ல இத எப்படிப் பண்ணிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும், நீங்க தொழில்ல இருக்குறவங்க. பிரிட்டன்ல ஃபால்ட்டி டவர்ஸ்னு ஒரு தொடர், அங்க அத தலையில வச்சுக் கொண்டாடுறாங்க. 1975ல வந்த அதோட ஒரு எபிசோட்ல இனத்த இழிவு பண்ற பேச்சு இருக்குன்னு 2020 ஜூன்ல யூகேடிவிங்குற நிறுவனம் அத அவங்க தளத்துலேருந்து எடுத்தாங்க, அதுல நடிச்ச ஜான் கிளீஸே எதுத்துப் பேசுனாரு, அப்புறம் எச்சரிக்கை வாசகத்தோட திரும்பப் போட்டாங்க. டிஸ்னி ப்ளஸ் 2020ல பழைய கார்ட்டூன் படங்களுக்கு முன்னாடி, இதுல மனுஷங்களத் தப்பாக் காட்டிருக்கோம், அது அன்னிக்கும் தப்பு இன்னிக்கும் தப்புன்னு அவங்களே எழுதிப் போட்டாங்க, அடுத்த வருஷம் அதுல சிலத குழந்தைங்களுக்குன்னு இருக்குற புரொஃபைல்லேருந்து எடுத்துட்டாங்க, பெரியவங்க இப்பவும் பாக்கலாம். யாரும் எதையும் கொளுத்தல. அவங்களால முடிஞ்சது உங்களால முடியாதா?

நம்ம நாட்டுலயும் விதி இல்லாம இல்ல. கேபிள் டிவி விதிகள் 1994லயே வந்தது, அதுல ஆறாவது விதி நிகழ்ச்சி நெறிமுறை. பொண்ணுங்கள இழிவு பண்ணக் கூடாது, குழந்தைங்கள இழிவு பண்ணக் கூடாது, ஒரு இனத்தையோ மொழிக்காரங்களையோ வட்டாரத்துக்காரங்களையோ ஏளனமாக் காட்டக் கூடாது, குழந்தைங்களுக்கு ஆகாதத அவங்க அதிகமா பாக்குற நேரத்துல போடக் கூடாது. எல்லாம் அதுலயே இருக்கு. பழைய நிகழ்ச்சிக்குப் பொருந்தாதுன்னு அதுல எங்கயும் எழுதல, என்னிக்கு எடுத்ததுங்குறது கணக்கே இல்ல, இன்னிக்கு ஒளிபரப்புறீங்களான்னுதான் பாக்கணும். 2024 ஜூலை 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சந்திரசூட் தலைமை நீதிபதியா இருந்தப்ப, மாற்றுத்திறனாளிகள திரையில எப்படிக் காட்டணும்னு வழிகாட்டுதலே குடுத்துச்சு. அவங்க வாழ்க்கையப் புரிய வைக்கிற நகைச்சுவை ஒண்ணு, அவங்கள மட்டம் தட்டுற நகைச்சுவை இன்னொண்ணு, ரெண்டையும் பிரிச்சுப் பாருங்கன்னு தெளிவா சொல்லிருக்கு. இத உங்க சட்டப் பிரிவு படிச்சிருக்கும். நிகழ்ச்சி அட்டவணை போடுறவங்ககிட்ட யாரும் சொல்லலயோ என்னமோ.

உங்க விளம்பர இடைவேளையக் கூடக் கொஞ்சம் பாருங்க. ஃபேர் அண்ட் லவ்லின்னு எத்தனையோ வருஷமா வித்துகிட்டு இருந்த கம்பெனி 2020ல அந்தப் பேரையே மாத்திடுச்சு. வெள்ளையா இருந்தாத்தான் அழகுன்னு சொல்றது இனிமே எடுபடாதுன்னு வியாபாரம் பண்றவங்களுக்கே புரிஞ்சுது. விளம்பரம் மாறிடுச்சு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓடுற உங்க நிகழ்ச்சியில இன்னும் கறுப்புப் பொண்ணப் பாத்து மாப்பிள்ளை மயங்கி விழுறான். வெயில்ல நாத்து நடுற அம்மாவுக்குப் பொறந்த பிள்ளைங்க எங்க திண்ணையில உக்காந்திருக்குதுங்க, எல்லாம் கறுப்புதான், நானும் கறுப்புதான். அதுல ஒண்ணு லீவு நாள்ல வெளிய விளையாட வர்றதில்ல, வெயில் பட்டா இன்னும் கறுத்துருவேன்னு அதுக்கு பயம்.

பிடிக்கலன்னா சேனல மாத்துங்கன்னு சொல்லுவீங்க, அதுவும் தெரியும். நான் மாத்துவேன். டீக்கடையில யாரு மாத்துறது? பஸ்ல யாரு மாத்துறது? அம்மா அப்பா வயல்ல இருக்கும்போது வீட்ல ஆறு வயசுப் பிள்ளை கையில ரிமோட் இருக்கு, அத யாரு மாத்துறது?

நான் கேக்குறது இதுதான், ஒவ்வொண்ணா சொல்றேன்.

சாயங்காலம் நாலு மணிலேருந்து ராத்திரி ஒம்போது மணி வரைக்கும், ஸ்கூல் லீவு நாள்ல காலையிலேருந்தே, உடல் குறைய, திக்குவாய, தோல் நிறத்த, திருநங்கைகள, சாதித் தொழில, நரிக்குறவர் மாதிரி ஒரு மக்களோட பேச்ச வச்சு சிரிக்க வைக்கிற காட்சிகளப் போடாதீங்க. பொண்டாட்டிய அடிக்கிறதையும் பொண்ணுங்கள விரட்டுறதையும் சிரிப்பாக் காட்டுறதையும் இதோட சேத்துக்குங்க. லீவுக்கு அறிவிச்சிருக்குற நாள் முழுக்க ஸ்பெஷல இந்தக் காட்சிகள எடுத்துட்டுப் போடுங்க, முடியலன்னா நிறுத்துங்க.

துண்டு துண்டா வெட்டித் தொகுப்பாப் போடுறதுல இந்த மாதிரிக் காட்சி எந்த நேரத்துலயும் வேணாம். போடணும்னா முழு எபிசோடா ராத்திரி பத்து மணிக்கு மேல போடுங்க, ஆரம்பிக்கும்போது இது எந்த வருஷம் எடுத்தது, இதுல எது தப்புன்னு தமிழ்ல ஒரு குரல் சொல்லட்டும். எழுத்து மட்டும் போதாது, எங்க ஊர்ல டிவி பாக்குற நெறைய பேருக்கு அவ்வளவு வேகமா ஓடுற எழுத்தப் படிக்க வராது. காட்சி வரும்போது கீழ ஒரு வரி போடுங்க, சிகரெட்டுக்குப் போடுற மாதிரியே. உங்க யூடியூப் பக்கத்துல இருக்குற துண்டுகளுக்கும் இதே விதி வேணும். பஸ்லயும் டீக்கடையிலயும் நிக்கணும்னா முதல்ல அங்கேருந்து நிக்கணும்.

எந்தக் காட்சி போகலாம் எது கூடாதுன்னு முடிவு பண்ற எடத்துல மாற்றுத்திறனாளி ஒருத்தர், திருநங்கை ஒருத்தர், எங்க பக்கத்து கிராமத்துப் பொண்ணு ஒருத்தி உக்காரணும். சென்னையில நாலு பேர் உக்காந்து இதுல என்ன இருக்குன்னு கேட்டா அவங்களுக்கு எதுவும் தெரியப் போறதில்ல.

புகார் எங்க சொல்லணும்னு தமிழ்ல தினமும் சொல்லுங்க, போன் நம்பரோட. கேபிள் டிவி விதிகளுக்கு 2021ல வந்த திருத்தப்படி புகார் வந்தா 24 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், 15 நாள்ல முடிவு சொல்லணும், அதுல திருப்தி இல்லன்னா உங்க சுய கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு போகலாம். இது எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கே தேடிப் படிச்சுத்தான் தெரிஞ்சுது. மின்னஞ்சல் மட்டும் வச்சிருந்தா நாத்து நடுறவங்க எப்படி எழுதுவாங்க, வாட்ஸப்ல பேசி அனுப்புற வசதி வையுங்க.

இந்தக் கடிதத்த முறையான புகாராவே எடுத்துக்குங்க. மேல கேட்ட ஒவ்வொண்ணுக்கும் செய்வோம், செய்ய மாட்டோம், ஏன் மாட்டோம்னு தனித்தனியா, தமிழ்ல, 15 நாளைக்குள்ள எழுத்துல பதில் வேணும். அந்தக் காலம்ங்குற ஒத்த வார்த்தையில மறுபடி பதில் வந்தா மேல்முறையீடு போடுவேன், என்கூட எங்க தெரு அம்மாக்கள் கையெழுத்தும் கைநாட்டும் சேத்து.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துலேருந்து ஒரு இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்